கிறிஸ்ஸி யார் என்று சட்டம் சொன்னது

கிறிஸ்ஸி மோங்கன் வாழ்ந்த அறுபத்திரண்டு வருடங்களில் அந்த விசாரணை நாள் மாதிரிப் பரபரப்பான நாள் வேறில்லை. மகள் நோராவின் கல்யாண விருந்துக்குப் பேசியிருந்த ஓட்டல் மண்டபத்தை, கிறிஸ்ஸி நேரில் பார்த்துவிட்டு வந்த மறுநாளே ரத்து செய்திருந்தார்கள். அயர்லாந்தில் வண்டி வீடுகளில் ஊர் ஊராகச் சுற்றி வாழ்ந்த பயணியர் சமூகத்தாள் என்பதால்தான் என்று வழக்குப் போட்டாள். கால்வே நகரில் விசாரணைக்கு வருவதற்குள் நோராவுக்குக் குழந்தையே பிறந்துவிட்டது.

ஓட்டல் வக்கீல் இதமாக ஆரம்பித்தார். "லாக்ரே ஊர்ல ஒரே வீட்டுல எத்தனை வருஷமா இருக்கீங்க, மிஸஸ் மோங்கன்?"

"பத்தொம்பது."

"முன்னே குடியிருந்த வண்டி?"

"வித்தாச்சு."

"எங்கயும் போறதில்ல. அப்புறம் எப்படி நீங்க பயணியர்?"

சாலையோர வண்டியில் பிறந்தவளுக்கு முகம் சிவந்தது.

"நல்லா இருக்கு சார் உங்க நியாயம்! ரோட்டோரம் வண்டிய நிறுத்தினா பாறாங்கல்லைப் போட்டு இடத்தை அடைச்சு விரட்டுறீங்க. வீட்டுக்குள்ள வந்தா நீ அவளே இல்லங்கிறீங்க. அப்ப நான் யாரு, போப்பாண்டவரா?"

பின்வரிசையில் அவள் தங்கைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

விசாரணை அதிகாரியான அம்மாள் சட்டத்தை எடுத்துப் பார்த்தார். "வரலாற்றுல நாடோடியா வாழ்ந்தவங்கன்னுதான் இருக்கு. இன்னைக்கும் அலையணும்னு இல்ல. பொதுவான வரலாறும் வழக்கமும் உள்ளவங்கன்னு அவங்களும் சொல்லணும், மத்தவங்களும் அப்படி அறிஞ்சிருக்கணும்."

"அதேதான் மேடம்!" வக்கீல் துள்ளினார். "இவங்க யாருன்னே எங்க மேனேஜருக்குத் தெரியாது."

அதிகாரி மேனேஜரைக் கேட்டார். "பின்னே ஏன் ரத்து செஞ்சீங்க?"

"அந்தத் தேதியில வேற விருந்து இருந்தது மேடம்."

"அது எப்பத் தெரிஞ்சது?"

"இவங்க மண்டபம் பார்க்க வந்த அன்னைக்கு. பொண்ணும் அம்மாவும்தானே வருவாங்க? இவங்க தங்கச்சி, சித்தி, நாத்தனார்னு பதினோரு பேரு வேன்ல வந்து இறங்கினாங்க. ஜன்னல்ல பார்த்ததுமே யாருன்னு புரிஞ்சு..."

நிறுத்திக்கொண்டார். வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

தங்கைகள் எல்லோரும் முன்கூட்டியே ஆடிப்பார்க்காத மண்டபத்தில் கிறிஸ்ஸி குடும்பத்தில் யாரும் விருந்து வைப்பதில்லை; அதனால்தான் அன்று பதினோரு பேர்.

"கூட்டமாப் போக வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்ல அக்கா?" என்று கிசுகிசுத்தாள் பிரிட்ஜி.

"நீதானடி முதல்ல வேன்ல ஏறினே! வாயை மூடு, ஜெயிச்சுட்டு இருக்கோம்."

ஆறு வாரத்தில் தீர்ப்பு தபாலில் வந்தது. நோரா படித்தாள்: மனுதாரர் பயணியர் சமூகத்தைச் சேர்ந்தவர், அதற்காகவே மண்டபம் மறுக்கப்பட்டது.

"அந்த முதல் வரிய மறுபடி படிடி."

படித்தாள்.

"இன்னொரு தரம். சத்தமா!"

மூன்றாம் தரம் படிக்கும்போது கிறிஸ்ஸி வாசற்கதவை விரியத் திறந்து வைத்தாள், தெருவுக்கே கேட்கட்டும் என்று.