சிவப்புத் துணி கட்டிய குச்சி

நெடுங்காலம் வாடகை வீட்டில் இருந்தவனுக்குச் சுவரில் ஆணி அடிக்கக் கை வராது. சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் இருந்தது ஒற்றை அறை. அதில் ஒரு காலண்டர் மாட்டவேண்டும் என்றாலும் மாடியேறிப் போய் வீட்டுக்காரரைக் கேட்கவேண்டும். சுவரை வெடிவைத்துத் தகர்க்க வந்தவனைப் பார்ப்பதுபோல் அவர் என்னைப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே ஒரு ஆணி கீதே சார், அதுலயே மாட்டிக்கோங்க" என்பார். அந்த ஓர் ஆணியில் என் யூனிஃபார்ம், மனைவியின் கைப்பை, குடை, முருகர் படம் எல்லாம் கூட்டுக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

அதனால் நாற்பது தாண்டி, மண்ணூருக்குப் பக்கத்தில் முதல் சொந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த பிறகும் எங்கள் சுவர்கள் மொட்டையாகவே நின்றன. கடிகாரம் ஜன்னல் விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்து மணி காட்டியது. "அடிய்யா ஆணிய, நம்ம வூடுதான்" என்பாள் மனைவி. பெயிண்ட் அடித்த பிறகு ஆணி என்பேன். பெயிண்ட் எப்போது என்றால், சுவர் காயட்டும் என்பேன். வெயில் கொளுத்துகிற ஊரில் காயாத சுவர் எங்களுடையது ஒன்றுதான்.

அவள் அரண்மனை ஒன்றும் கேட்கவில்லை. சமையலறைக்குப் பட்டி பார்த்து வெளிர்மஞ்சள் அடிக்கவேண்டும். மேடைக்கு மேலே சுவரோடு சேர்த்து ஓர் அலமாரி வேண்டும். "கல்யாணம் ஆன நாளா மளிகைய அட்டப்பொட்டியிலதான் வெச்சிக்கினு இருக்கேன். டிவி வந்த பொட்டி, மிக்ஸி வந்த பொட்டி. எறும்புக்குக்கூட என் அட்ரஸ் மனப்பாடம்" என்பாள். ஒருவழியாகப் பெயிண்டருக்குச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து ஆரம்பிப்பதாகப் பேச்சு.

அந்த ஞாயிறு காலையில்தான் வீட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் காய்கறித் தோட்டத்தில் ஒரு குச்சியைப் பார்த்தேன். இடுப்புயரக் குச்சி. உச்சியில் சிவப்புத் துணி.

வேறு ஊர்க்காரர்களுக்கு அது வெறும் குச்சியாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. இங்கே ஒரு வயலில் சிவப்புத் துணி கட்டிய குச்சி முளைத்தால், அடுத்து மூன்றுகால் கருவியோடு ஆட்கள் வருவார்கள், அதற்கடுத்து பொக்லைன் வரும். ஒருநாள் வேலைக்குப் போய்த் திரும்பும்போது அங்கே ஒரு கம்பெனி கேட்டும் வாட்ச்மேனும் இருப்பார்கள். நானே அப்படி முளைத்த ஒரு கம்பெனியில்தான் வேலை பார்க்கிறேன், ஒரகடத்தில், குவாலிட்டி செக்கிங்கில். வருகிற பொருளையெல்லாம் சந்தேகப்படுவதற்காக எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்தும் நான் ஓவர்டைம் பார்க்கிறேன், அதற்குத்தான் யாரும் சம்பளம் தருவதில்லை.

ஒரே குச்சிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு பார்வையைக் கொஞ்சம் நகர்த்தினேன். வெண்டைச் செடிகளைத் தாண்டி இன்னொரு குச்சி, அதிலும் சிவப்பு. இரண்டு புள்ளி கிடைத்தால் கோடு போட்டுவிடுவது எங்கள் தொழில். கொத்தனார் விட்டுப்போன நூலை எடுத்து இரண்டு குச்சிக்கும் நடுவே இழுத்து, அதே நேரில் வீட்டுப் பக்கம் நீட்டினேன். நூல் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து எதிர்ச்சுவரில், மேடைக்கு நேர் மேலே போய் இடித்தது. அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டேன். ஆறுவழிச் சாலையோ, எந்தக் கம்பெனியின் காம்பவுண்டோ, என் மனைவியின் அலமாரி வரவேண்டிய இடத்தின் வழியாகப் போகிறது!

உடனே பெயிண்டருக்குப் போன் போட்டேன்.

"இன்னிக்கு வேணாம். கொஞ்ச நாள் போவட்டும்."

"இன்னா சார், நான் ஏணியோட பாதி வழி வந்துட்டேன். வூட்ல எதுனா துக்கமா?"

"இன்னும் இல்ல" என்று வாயில் வந்துவிட்டது.

மனைவியிடம் உண்மையைச் சொல்லவில்லை. பெயிண்டருக்குக் காய்ச்சல் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு முந்தைய வாரத்திலிருந்தே எங்களுக்குள் பேச்சு சற்றுக் குறைவுதான். அவள் பார்த்துப் பார்த்து முளைக்கவைத்திருந்த பாகல் நாற்றுகளை, தோட்டத்தில் உதவி செய்கிறேன் பேர்வழி என்று, களை என நினைத்துக் கொத்தாகப் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்திருந்தேன். கம்பெனியில் எதையாவது தப்பாக ரிஜெக்ட் செய்தால் மறுபடி எடுத்து வைத்துவிடலாம். பாகலுக்கு அந்த வசதி இல்லை.

பேசாமல் தாலுகா அலுவலகத்தில் போய் விசாரிக்கலாமே என்று கேட்பீர்கள். விசாரித்தால்? "இந்த சர்வே நம்பரா? அட, இத்த மறந்தே பூட்டோமே" என்று அவர்கள் சேர்த்துக்கொண்டால்? நானே போய் ஞாபகப்படுத்தியதாக ஆகாதா? ஆகவே அரசாங்கத்தின் கண்ணில் படாமல் இருப்பது என்று முடிவெடுத்தேன். தெருவில் ஜீப் போனால் கேட்டைச் சாத்தினேன். ஒருவன் எங்கள் சுவரோரம் ஒதுங்கியபோது அளவெடுக்கிறானோ என்று எட்டிப்பார்த்து, அவனையும் என்னையும் ஒருசேரத் தர்மசங்கடப்படுத்தினேன். டீக்கடையில் பட்டும்படாமல் பேச்சைப் போட்டேன். "இந்தப் பக்கமா ரோடு எதுனா வருதா?" கடைக்காரர் ஆற்றிக்கொண்டே, "வந்தா எனக்குத்தான் சார் யாவாரம். ஏன், உங்களுக்கு எதுனா தகவல் வந்துச்சா?" என்று கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். நான் கிளப்பிய வதந்தி மறுநாள் கம்பெனி பஸ்ஸில், எனக்குப் பின்சீட்டிலிருந்து, என்னிடமே உறுதிசெய்யப்பட்ட செய்தியாகத் திரும்பி வந்தது. நானும் நம்பினேன்.

அன்று மாலை துணிந்து ஒரு காரியம் செய்தேன். வீட்டுக்கு அருகில் இருந்த குச்சியைப் பிடுங்கி நான்கடி தள்ளி நட்டேன். நூல் பிடித்துப் பார்த்தேன். கோடு இப்போது சமையலறையை விட்டு விலகி செப்டிக் டேங்க் வழியாகப் போயிற்று. அரசாங்கத்துக்கு அவசியம் வேண்டுமென்றால் அதை எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. மண்ணைத் தட்டிச் சமப்படுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் கை கழுவிக்கொண்டு போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது குச்சி நான் நட்ட இடத்தில்தான் இருந்தது. மாலையில் திரும்பினால் பழைய இடத்தில் நிற்கிறது.

நான் இல்லாத பகல் நேரமாகப் பார்த்து வந்து சரிசெய்துவிட்டுப் போகிறார்கள்! மனைவிக்கு முதல் ஷிஃப்ட், ஒயர் கட்டும் கம்பெனியில். விடியுமுன்னே போய் மதியத்துக்கு மேல் திரும்பிப் படுத்துவிடுவாள், சத்தம் கேட்டிருக்காது. மறுபடி நகர்த்தினேன். மறுபடி வந்து நட்டிருந்தார்கள். எத்தனையோ அரசு வேலைகளைப் பார்த்திருக்கிறேன், இத்தனை சுறுசுறுப்பாக ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. குச்சியைச் சுற்றி மண் ஈரமாக வேறு இருந்தது. தண்ணீர் ஊற்றி இறுக்குகிறார்கள் போல, கில்லாடிகள் என்று நினைத்தேன்.

இதற்கு நடுவில் வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஓடிய கொஞ்சமும் கழற்றி எடுத்துப் போகிற மாதிரி ஓடியது. ஹாலுக்குத் திரைச்சீலை கேட்டாள். கம்பியைச் சுவரில் பொருத்தாமல் ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். கத்திரியைத் தரையில் வைக்காமல் பழைய பெயிண்ட் வாளியில் வைத்தேன். அலமாரிக்குப் பதிலாகச் சக்கரம் வைத்த ஒரு பிளாஸ்டிக் ரேக் வாங்கி வந்தேன். அவள் அதைக் காலால் லேசாகத் தள்ளினாள். அது சமையலறையைக் கடந்து உருண்டு போய்க் கதவில் முட்டி நின்றது.

"இத்த வாடகை வூட்டுக்கே வாங்கியிருக்கலாமே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

அவளிடமும் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். அடுத்த மனை அக்காவிடம் அவள் சரியாகப் பேசுவதில்லை. எங்களுக்கு முன்பே அங்கே வீடு கட்டியவர் அந்த அக்கா. காலையில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் இட்லி விற்றுவிட்டு, மீதிப் பொழுதெல்லாம் வீட்டில்தான் இருப்பார். ஞாயிறு தவறாமல் சர்ச். கீரை பறித்தால் முதல் கட்டு அவருக்குப் போகும், அது நின்றுபோயிருந்தது. ஆகா, சர்வேக்காரர்களுக்குத் துப்புக் கொடுப்பது இவர்தான், மனைவிக்கும் மூக்கில் வியர்த்திருக்கிறது என்று கணக்குப் போட்டேன். அக்கா சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசித்தேன். சிரிக்காவிட்டால் அதைவிட அதிகமாக யோசித்தேன்.

ஒருநாள் சாயங்காலம் அந்த அக்காவே ஒரு தட்டில் முருங்கைக்கீரையோடு எங்கள் பின்வாசலுக்கு வந்தார். நான் அப்போதுதான் குச்சியை நகர்த்திவிட்டுக் கைமண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். மனைவி தூங்கி எழுந்துவந்து பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. ரொம்ப நாளா கேக்கணும்னு. அந்தக் குச்சிய வெச்சிக்கினு நீங்க ரெண்டு பேரும் இன்னா பரிகாரம் பண்றீங்க?"

"பரிகாரமா?"

"தங்கச்சி மத்தியானம் வந்து ஒரு எடத்துல நட்டுட்டு, சொம்புல தண்ணி ஊத்துது. நீங்க சாயந்தரம் வந்து புடுங்கி வேற எடத்துல நட்டுட்டு, நூலு கட்டி, நாலு பக்கமும் திரும்பிப் பாக்கறீங்க. தெனமும் நடக்குது. திருஷ்டிக்கா? எங்க பாஸ்டருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு. ஆனா வேலைக்கு ஆவுதுன்னா சொல்லுங்க, நானும் ஒரு குச்சி நட்டுக்கறேன்."

மனைவி கையிலிருந்த கரண்டியோடு எழுந்து நின்றாள்.

"நீயா?" என்றாள் என்னைப் பார்த்து.

"நீயா?" என்றேன் நானும்.

"வெத போட்ட எடம்யா அது! அங்க பீர்க்கு, இங்க புடலை. நீ மறுபடி புடுங்கிடுவேன்னுதான் அடையாளத்துக்குக் குச்சி நட்டு சேப்புத் துணி கட்டி வெச்சேன். எங்க கம்பெனில சேப்பு டேப் சுத்தியிருந்தா யாரும் கை வெக்கக்கூடாதுன்னு அர்த்தம்."

"எங்க கம்பெனில சேப்புன்னா எடுத்து வெளிய போடுன்னு அர்த்தம்."

"அதான் வெளிய போட்டியா?"

"நான் சர்வேன்னு நெனச்சேன்மே. ரோடு வருதுன்னு."

"நான் இந்த அக்காதான் வேலிய நவுத்தப் பாக்குதுன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, அக்கா அங்கேயே நிற்பது அப்போதுதான் உறைக்க, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஓகோ" என்றார் அக்கா, கீரைத் தட்டை மெதுவாகக் கீழே வைத்து. "அதான் கீரை வர்றது நின்னு போச்சா? நல்லா இருக்கீங்கப்பா ரெண்டு பேரும். நான் வேலிய நவுத்தறதுன்னா ஒரு குச்சிக்கா வருவேன்? முழு வேலியோட வருவேன்." தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்ததில் நானும் சிரித்தேன். அந்தத் துணியை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். சுங்குவார்சத்திரத்து அறையில் கட்டிலையும் அடுப்பையும் பிரிக்க நாங்கள் குறுக்கே கட்டியிருந்த சிவப்புத் திரை. பல வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். முடி அளவு கீறலை எட்ட நின்று கண்டுபிடிக்கும் குவாலிட்டிக்காரனுக்கு, அது அரசாங்கத் துணியாகத் தெரிந்திருக்கிறது.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ அந்தப் பென்சில் கோடு?" என்றாள்.

"எது?"

"கிச்சன் செவுத்துல போட்டியே."

"அது... ரோடு போற வழி."

அவள் மறுபடி உட்கார்ந்தாள். கரண்டியைத் திருப்பித் திருப்பிக் கழுவினாள். பிறகு, "நீ அலமாரிக்கு அளவு எடுத்திருக்கேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். "மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு இருந்தாலும், மனசுக்குள்ள அலமாரி நெனப்பு இருக்குதுன்னு. தெனமும் பாத்திரம் கழுவும்போது அந்தக் கோட்டப் பாப்பேன்."

அக்கா சத்தமில்லாமல் கிளம்பிவிட்டார். போகும்போது கீரையை விட்டுவிட்டுத்தான் போனார்.

சமாளிக்கப் பார்த்தேன். "நெஜமாவே எடுத்துக்கினா இன்னாம்மே பண்றது? அலமாரிய செவுத்தோட வெச்சிட்டு..."

"எடுக்கறவன் எடுக்கற அன்னிக்கு எடுத்துக்கட்டும். அதுவரிக்கும் நான் அட்டப்பொட்டியில வெக்க மாட்டேன்."

தெருக்கோடியில் மூன்றுகால் கருவியோடு இரண்டு பேரை இப்போதும் சில நாட்கள் பார்க்கிறேன். எதை அளக்கிறார்கள் என்று கேட்டதில்லை.

அன்று பெயிண்டருக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். "எனக்குக் காய்ச்சல் வுட்டுச்சா சார்?" என்றார். தெருவில் மனைவி அவரைப் பார்த்து உடம்பு விசாரித்திருக்கிறாள். ஆசாரிக்கும் சொன்னேன். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனேன். பட்டி பார்க்கப்போகிற சுவரில் எதற்கு இப்போது ஆணி என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பென்சில் கோட்டின் மேலேயே வைத்து அடித்தேன். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது கொஞ்சம் சிமெண்டைப் பெயர்த்துக்கொண்டு இறங்கியது. அடித்து முடித்தவுடன் என்னையறியாமல் திரும்பி வாசலைப் பார்த்தேன்.

வேலிக்கு அப்பாலிருந்து, வாடகை வீட்டுக்காரர் தோரணையில், அக்காவின் குரல் வந்தது. "யாரு சார் அது, என்னக் கேக்காம செவுத்துல ஆணி அடிக்கறது?"

மனைவி அதற்குத்தான் சிரித்தாள். ஜன்னல் விளிம்பிலிருந்த கடிகாரத்தை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தாள். மாட்டினேன். சற்றுக் கோணலாகத்தான் நின்றது. கம்பெனியாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.