காந்தம் ஒட்டிய தகடு

கல் உடைக்கும் கிரஷருக்கும் மனிதனைப் போலத் தாடை உண்டு. ஒன்று நிற்கும், ஒன்று ஆடும். நடுவில் விழும் பாறை நொறுங்கி, ஜல்லியாகக் கீழே கொட்டும். அந்தத் தாடைகளுக்குப் பல் மாதிரி இருப்பவை இரும்புத் தகடுகள். பாறையைக் கடித்துக் கடித்து அவை தேயும். தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறு மாட்ட வேண்டும். தகடுகளைத் தேடிப் பிடித்து வாங்குவதும், காலாகாலத்தில் திருப்பிப் போடுவதும், போல்ட் தளராமல் பார்த்துக்கொள்வதும்தான் நம்ம ஆளின் பிழைப்பு. இருபத்தாறு வருஷமாக அதே வேலை. தொழில் வட்டாரத்தில் அவருக்குப் பெயர் ‘காந்தம்’.

பெயருக்கான காரணம் அவர் சட்டைப் பையில் இருந்தது. தகட்டுக்கு மாங்கனீஸ் கலந்த எஃகுதான் வேண்டும். நல்ல மாங்கனீஸ் எஃகில் காந்தம் ஒட்டாது. ஏமாற்றுக்காரன் ஊற்றிக் கொடுக்கும் சாதா இரும்பில் சப்பென்று ஒட்டிக்கொள்ளும். லாரி வந்து நின்றதும் இவர் காந்தத்தை எடுப்பார். ஒட்டிவிட்டால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான், அப்பீல் கிடையாது. முதலாளிகூடக் குறுக்கே பேசமாட்டார். இதில் நம்மவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கொஞ்சம் என்று சொல்வது என்னுடைய தாராள மனசு.

அவருடைய சம்பந்தி, அதாவது மகளின் மாமனார், வார்ப்புப் பட்டறை வைத்திருந்தார். கல்யாணமான மறு வருஷம் முதன்முதலாக ஒரு ஜோடி தாடைத் தகடு வார்த்தார். சுற்றுவட்டாரக் கிரஷர்காரர்கள் மாதக் கூட்டம் போடும் நாளாகப் பார்த்து அதை எடைமேடைக்குக் கொண்டுவந்தார். நாலு பேர் பார்த்தால் நாலு ஆர்டர் வருமே என்ற ஆசை. நம்மவர் காந்தத்தை வைத்தார். அது ஒட்டியது. அழுத்தமாக இல்லை, ஆனாலும் ஒட்டியது.

சம்பந்தி பதறவில்லை. உலையில் சூடேற்றும்போது மேல்தோல் தீய்ந்துபோகும், அந்தத் தோலில் லேசாக ஒட்டத்தான் செய்யும், ஒரு நூல் அளவு சாணை பிடித்துவிட்டு வைத்துப் பாருங்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார். நம்மவர் காதில் அது ஏறவில்லை. சம்பந்தி என்றதும் ஆள் இளகிவிட்டான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

“பொண்ணு கொடுத்த வீடுங்கிறதுக்காகப் போலிச் சரக்கை நான் வாங்க முடியாதுங்க.”

சம்பந்தி தகடுகளை ஏற்றிக்கொள்ளக்கூட நிற்காமல் கிளம்பிப் போனார். அடுத்து வந்த வருஷம் முழுக்கப் பட்டறையில் உலை எரிந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வார்ப்பாட்களில் பாதிப் பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இவருக்கோ, உறவென்றும் பார்க்காத நேர்மையாளர் என்ற பெயர் இன்னும் ஒரு சுற்றுப் பருத்தது.

இரண்டு வருஷம் கழித்து, வர வேண்டிய தகடு வராமல் ஒருமுறை மாட்டிக்கொண்டார். மெஷினில் இருந்தது எலும்பும் தோலுமாக நின்றது. முதலாளி கொட்டகைக்குப் பின்னால் கிடந்த சம்பந்தியின் ஜோடியைக் காட்டி, ஒரு வாரமாவது ஓட்டுங்கள் என்றார். வேண்டா வெறுப்பாக மாட்டினார். வாரம் போனது. வழக்கமான தகடு தேயும் காலமும் போய், அதற்கு மேலும் பாதிக் காலம் ஓடியது.

அடிப்பக்கம் தேய்ந்து, தலைகீழாகத் திருப்பிப் போடக் கழற்றிய அன்று, ஆட்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் காந்தத்தை எடுத்தார். வைத்த இடத்தில் அது நிற்கவில்லை, கீழே விழுந்தது. தேய்ந்த பரப்பு முழுக்க வைத்துப் பார்த்தார். எங்கேயும் ஒட்டவில்லை. அன்றைக்கு ஒட்டியது வெறும் தோல்தான். இருபத்தாறு வருஷத்தில் எத்தனை பேர் இதே விளக்கத்தைச் சொல்லியிருப்பார்கள், எத்தனை நல்ல லாரிகளைத் திருப்பி விரட்டியிருப்போம் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது.

நாலு நாள் சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். தனியாகப் போய்ச் சம்பந்தியிடம் சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே பிறகு வெட்கப்பட்டார். நாலு பேர் நடுவில் போட்ட பழியை மூலையில் நின்று துடைக்க முடியுமா? பட்டறையின் பெயர் நிமிர வேண்டுமென்றால் அதே எடைமேடையில் தன் தலை குனிந்தாக வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, தகடு அசல், சோதித்தவன்தான் சோடை என்று திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். நிமிர்ந்து பார்த்தால் ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். இன்னொருவர் கூரையைப் பார்த்தார். கடைசியில் மூத்த கிரஷர்காரர் தொண்டையைச் செருமினார்.

“எங்களுக்குத் தெரியும்ங்க. ஒரு வருஷமா நாங்க மூணு பேரு அவர்கிட்டதான் வாங்குறோம். உங்க காதுக்கு வர வேணாம்னு உங்க சம்பந்திதான் கேட்டுக்கிட்டாரு. அப்பா தலைகுனிஞ்சா மருமக முகம் வாடிடும்னாரு.”

ஒரு வருஷமாக இந்த மனிதர்கள் நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறோம், அத்தனை பேரும் பாவம் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். குனிந்த தலையை அவரால் மறுபடி தூக்க முடியவில்லை.

அங்கிருந்து நேராகப் பட்டறைக்குப் போனார். சம்பந்தி வெளியே போயிருந்தார். லாரியில் ஏற்றும் தகடுகளைச் சாக்பீஸால் குறித்து அனுப்பிக்கொண்டிருந்தது நம்மவருடைய மகள்.

“அப்பா தப்புப் பண்ணிட்டேம்மா. மாமாவோட தகடு…”

“தெரியும்பா.”

எப்போதிருந்து என்று கேட்டார். எடைமேடையிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே மாமா அதே வார்ப்பின் மிச்சத் துண்டு ஒன்றைச் சாணை பிடித்துக் காட்டினார் என்றாள். ஆக, உலை அணைந்து கிடந்த அந்த வருஷம் முழுக்க, தன் அப்பா செய்த காரியம் இன்னதென்று தெரிந்தே அவள் அந்த வீட்டில் எல்லார் முகத்திலும் விழித்திருக்கிறாள்.

“அப்பவே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா.”

மகள் அடுத்த தகட்டில் கோடு போட்டு, ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டினாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம்கூட இல்லை.

“சொன்னா கேக்குற ஆளாப்பா நீங்க?”