ரிப்பன் முடிச்சில் ஐந்து இதழ்

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணமாயிற்று. இரண்டாம் மாதமே கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்துக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தேன். கணவர் அங்கே ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோரில் எழுத்தர். காலையில் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவார். திரும்பினாலும் வாயைத் திறக்க மாட்டார்.

ஒரே முற்றத்தைப் பார்த்தபடி இரண்டே வீடுகள். எதிர் வீட்டில் ஸ்டோர் காவல்காரரின் மனைவி இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், மதுரைப் பக்கத்துத் தமிழ் பேசுகிறவள். வந்தவளை இருப்பவள்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்பது மலையாளத்து எல்லையில் நான் பிறந்து வளர்ந்த நல்லேப்பிள்ளியின் வழக்கம். அவள் விசாரிக்கவில்லை. குழாயடியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு குடத்தோடு போய்விடுவாள். போனால் போகிறாள் என்று நானும் விறைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு நாள் முழுக்க என் குரலை நானே கேட்காமல் இருந்தபோது பயமாக இருந்தது.

வேறு வேலை இல்லாததால் பூக்களின் இதழ்களை எண்ண ஆரம்பித்தேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் முதல் மார்க் வாங்கியவள் நான், அந்தத் திமிர் எனக்கு உண்டு. செம்பருத்தி ஐந்து. நித்தியகல்யாணி ஐந்து. பூசணிப் பூவை விரித்தால் அதிலும் ஐந்து முனை. செம்பருத்தியின் ஒவ்வோர் இதழும் ஒரு பக்கம் அடுத்ததன் மேல் ஏறியிருக்கும், மறு பக்கம் இன்னொன்றுக்கு அடியில் போயிருக்கும். ஐந்தும் அப்படியே சுற்றி வரும். எது முதல், எது கடைசி என்று சொல்ல முடியாது. அதில் ஒன்றுகூடத் தனியாக இல்லை. ஒரு பூவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்றால் சிரிப்பீர்கள், ஆனால் பட்டேன்.

ஓணத்துக்கு முந்தைய அத்தம் நாளில் ஒரு முடிவு செய்தேன். இன்று முதல் பத்து நாள் முற்றத்தில் பூக்களம் இடுவது. எங்கள் ஊரில் தமிழ் வீடுகளிலும் இடுவோம். பூ இட்டால் பார்க்க ஆள் வரும், குறை சொல்லவாவது வரும். பத்தாம் நாளான திருவோணத்துக்குள் எதிர் வீட்டுக்காரி ஒரு தடவை என் வாசலுக்கு வர வேண்டும். வராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவது, திரும்பி வருவதில்லை.

மலையாளத்து வீடுகளில் குச்சி நட்டு, கயிறு கட்டி வட்டம் போடுவார்கள். நாங்கள் மாவால் புள்ளி வைத்துக் கோலம் போட்டு, அதற்குள் பூவை நிரப்புவோம். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எனக்கு வேண்டியது ஐந்து இதழ். புள்ளிக்கு நாலு தெரியும், இடைப்புள்ளி வைத்தால் ஆறும் தெரியும். ஐந்து மட்டும் தெரியாது. நாலு இதழ் சரியாக வந்தால் ஐந்தாவது நசுங்கிப் போகும். அதைச் சரி செய்தால் பக்கத்து இதழ் வீங்கும். கணக்கில் முதல் மார்க் வாங்கியவள் தினமும் ஒரு கோணல் பூவின் முன்னால் குந்தியிருந்தேன்.

எட்டாம் நாள் அவள் கதவைத் திறந்தாள், என் பூவைப் பார்த்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே போய் அழுதேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் சடையை அவிழ்த்துவிட்டு, கையிலிருந்த ரிப்பனில் சும்மா ஒரு முடிச்சுப் போட்டேன். கசங்காமல் மெதுவாக இழுத்துத் தட்டையாக அமுக்கினேன். முடிச்சுக்கு ஐந்து பக்கம் இருந்தது. தீக்குச்சியால் அளந்து பார்த்தேன், ஐந்தும் ஒரே அளவு. எத்தனை வருடமாகத் தலையில் முடிந்துகொண்டிருந்தேன், கண்ணில் படவில்லையே!

திருவோணத்தன்று விடிந்ததும் புள்ளி வைக்கவில்லை. ரிப்பன் முடிச்சை முற்றத்தின் நடுவில் வைத்து, அதன் மையத்திலிருந்து ஒவ்வொரு மூலை வழியாகவும் ஒரே நீளத்துக்கு நூலை இழுத்து ஐந்து இடங்களில் குறி வைத்தேன். தும்பையும் செம்பருத்தியும் நிரப்பி எழுந்து நின்றபோது ஐந்து இதழும் அச்சாக இருந்தன. இத்தனை அழகாக என் கையால் அதற்கு முன் எதுவும் செய்ததில்லை.

காத்திருந்தேன். எதிர்க் கதவு திறந்தது. அவள் வெகுநேரம் நின்று பார்த்தாள். ஒரு படி இறங்கினாள். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் பெட்டியை இழுத்தேன். அன்று விடுமுறை, கணவர் சவரம் செய்துகொண்டிருந்தார்.

“எங்கெ கெளம்பற?”

“எங்க ஊட்டுக்குங்க. பத்து நாளா வாசல்ல பூப்போட்டுக் கூப்படறன். எதுத்த ஊட்டுக்காரி எட்டிக்கூடப் பாக்க மாட்டீங்கறா.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். “அவ எப்படி வருவா? சித்திரையில பெத்த புள்ளையப் பறிகுடுத்தவ. வருசம் இன்னும் திரும்புல. துக்கத்தோட போயிப் புதுசாக் கல்யாணமானவ பூவை மிதிக்கறதான்னு ஒதுங்கி நிக்கறா.”

“ஏனுங்க, இதை முன்னாலயே சொல்லக்கூடாதுங்களா?”

“நீ கேக்கலியே.”

அவளைக் கூப்பிட நான் இட்ட பூவே அவளை வரவிடாமல் தடுத்திருக்கிறது. இட இட இன்னும் தள்ளி நிறுத்தியிருக்கிறது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். திருவோணத்தன்று காலையில் பூக்களத்தைக் கலைப்பது ஆகாது என்று தெரியும். மையத்திலிருந்து ஆரம்பித்து ஐந்து இதழையும் கூட்டி வேலியோரம் தள்ளினேன். ரிப்பன் முடிச்சும் மண்ணோடு போயிற்று. முற்றம் வெறுமையாயிற்று.

நிமிர்ந்தபோது அவள் எனக்கு முன்னால் நின்றிருந்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

“ஒம்பது நாளும் ஒரு எதழு கோணிக்கிட்டே இருந்துச்சு” என்றாள். “இன்னைக்குத்தான் அஞ்சும் சரியா விழுந்துச்சு. அதப் போயிக் கூட்டித் தள்ளிப்புட்டீகளே, தாயி.”