யோசெப்பினின் தலையும் மூன்று ஓலையும்

மூன்றாவது வாளி நிரம்பும்போதுதான் வரிசையில் முணுமுணுப்புத் தொடங்கும். கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கைக்குள் பதினெட்டு வீடுகளுக்கும் ஒரே பைப். சனிக்கிழமை காலையில் யோசெப்பின் அதன் கீழே குனிந்தால், பின்னால் நிற்கிறவர்கள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிடுவார்கள்.

"தலைதானே முழுகிறாய், இல்லாட்டிக் கப்பலோ கழுவிறாய்?" என்று யாராவது கேட்பார்கள்.

குனிந்த முடிக்குள்ளேயிருந்து பதில் வரும்: "கப்பல் எண்டால் கூலிக்கு ஆள் பிடிக்கலாம். இதுக்கு ஆர் வருவினம்?"

தன் தலையைப் பற்றி அவளை விடக் கேவலமாகப் பேச அந்த ஒழுங்கையில் ஒருவருக்கும் வாய் இல்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பட்டம் வைக்க முந்தித் தானே வைத்துக்கொண்டவள். "ஞானஸ்நானத்தண்டு சுவாமி நெத்தியில மட்டும் தண்ணி ஊத்திப்போட்டார். தலை இன்னும் அஞ்ஞானியாத்தான் கிடக்கு" என்பாள். வேறொரு நாள், "வெள்ளைக்காரன்ர சட்டம் செல்லாத இடம் கொழும்பில இது ஒண்டுதான்" என்பாள்.

அது சுருட்டை என்று சொன்னால் போதாது. காய்ந்த தலையில் சீப்பைப் போட்டால் கோபித்துக்கொண்டு நாலு பக்கமும் எழும்பும். மழை வரப்போகிறது என்றால் வானத்துக்கு முதல் அதற்குத் தெரிந்துவிடும். எங்கேயிருந்து வந்தது என்று குடும்பத்தில் விசாரித்துப் பார்த்தாயிற்று. தாய் மரியம்மா, தாயின் தங்கை விக்டோரியா, தாய்மாமன் சந்தியாப்பிள்ளை, அவர் பெற்ற ஐந்து பெண்கள், ஒருவர் மிச்சமில்லாமல் வழித்துவிட்ட வாழையிலை மாதிரித் தலை. தகப்பன் பக்கத்தில் பெரியப்பா சூசைப்பிள்ளைக்கு முப்பது வயதிலேயே முடி போய்விட்டது. அவரிடம் சாட்சி எடுக்க வழியில்லை. சூசைப்பிள்ளையின் சிறியதாய் மதலேனாள் சாகும் வரைக்கும் முக்காட்டை எடுக்கவில்லை. சந்தேகம் எல்லாம் அவ மேலேதான்.

தொழில் தையல். கலியாண உடுப்புத்தான் தைப்பாள். கொட்டாஞ்சேனைக்கும் வத்தளைக்கும் இடையில் கோயிலுக்கு மாலை மாற்றப் போன பெண்களில் பாதிப் பேர் அவள் தைத்த சாட்டினில் போனவர்கள். மற்றவர்களின் தலையில் கலியாண முக்காட்டு நெட்டை வைத்து, மூன்றே ஊசியில் அசையாமல் நிறுத்திவிடுவாள். தன் தலைக்கு இருபத்துநாலு ஊசி குத்துவாள். சாயந்தரம் எடுக்கும்போது பத்தொன்பதுதான் வரும். மிச்சம் எங்கே என்று கேட்டால், "உள்ளுக்குத்தான் நிக்குதுகள், பசிச்சால் வருங்கள்" என்பாள். ஒரு முறை காணாமற்போன, துணியில் கோடு போடுகிற சோக்குத்துண்டு இரண்டு நாள் கழித்துக் கோப்பிக்குள் விழுந்தது.

முப்பத்தாறு வயதில் அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பெரியதம்பி, துறைமுகத்தில் வள்ளங்களுக்குக் கயிறு இணைக்கிற வேலை. மனைவி இறந்து நாலு வருசம், பிள்ளையில்லை. கோயிலில் ஆண்கள் பக்கத்து வாங்கிலிருந்து யோசெப்பினை ஒரு வருசமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். ஆனால் அங்கே அவள் தலையில் எப்போதும் லேஸ் இருக்கும். பெண் பார்க்க அவருடைய அக்காவும் அவருமாக வருவதற்கு முதல்நாள் இரவு, யோசெப்பின் அரைப் போத்தல் தேங்காயெண்ணெயை ஊற்றி, ஈரத்துணியால் இறுக்கிக் கட்டி, விடியும் வரை சுவரில் சாய்ந்தபடியே இருந்தாள். கட்டை அவிழ்த்தால் ஒன்றரை மணித்தியாலம் தலை படிந்து நிற்கும் என்பது அவளுக்குப் பழக்கத்தில் தெரியும். வந்தவர்கள் ஒன்றேகால் மணித்தியாலத்தில் எழும்பினார்கள். வாசலில் வைத்து அக்காக்காரி சொன்ன ஒரே பாராட்டு: "நல்ல ஒட்டின தலை. தம்பியின்ர செத்துப்போன மனுசிக்கும் உப்பிடித்தான், வழவழெண்டு."

அன்றிலிருந்து யோசெப்பினுக்கு நித்திரை போய்விட்டது. அந்த மனுசனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவர் பார்த்துச் சரி சொன்ன தலை அவளுடையது இல்லை. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை ஏதும் அறிந்தவர்கள் எழும்பி அறிவிக்கவேண்டும் என்று. மூன்றாவது ஓலையும் வாசித்துக் கை பிடித்துவிட்டால் பிறகு சாகும்வரை ஒரே வீடு. ஒரே வீட்டில் ஒன்றேகால் மணித்தியாலக் கணக்கு நடக்காது. "மூண்டு ஞாயிறுக்குள்ள ஒண்டில் தலையைத் திருத்த வேணும், இல்லாட்டி அந்தாளிட்டை உண்மையைச் சொல்ல வேணும்" என்று தங்கை ஐறீனிடம் சொன்னாள். "திருத்திறது சுகம் எண்டு நினைக்கிறன்."

ஐறீன் கலியாணமாகிப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறவள். அக்காவைப் போல வாய் இல்லாவிட்டாலும் கை இருக்கிறது. முதல் ஓலை வாசித்த கிழமை அந்தக் கைதான் இஸ்திரிக்கைப் பெட்டியைப் பிடித்தது. யோசெப்பின் கன்னத்தை மேசையில் வைத்துக் கிடந்தாள். ஒரு கற்றை முடியை விரித்து, மேலே நனைத்த சீலை போட்டு, ஐறீன் சிவந்த கரி நிறைந்த பெட்டியை இழுத்தாள். சாட்டினுக்கு எவ்வளவு சூடு, வொயிலுக்கு எவ்வளவு சூடு என்று இரண்டு பேருக்கும் தெரியும். முடிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. புகை வந்தது. பக்கத்து வீட்டுக்காரி சன்னலால் எட்டிப் பார்த்து, "என்ன யோசெப்பின், மணக்குது, கோழியோ?" என்றாள்.

"ஓம். கிழட்டுக் கோழி. வேகுதில்லை" என்றாள் மேசையில் கிடந்தபடியே.

அந்தக் கற்றை ஒரு விரற்கடை குறைந்து, நேராகவும் ஆகாமல் சுருளாகவும் இல்லாமல், பயந்த பூனையின் வால் போல நின்றது.

இரண்டாவது கிழமைதான் தையற்காரி மட்டுமே செய்யக்கூடிய பிழையைச் செய்தாள். லேஸ் பூ வளையாமல் நிற்க வேண்டும் என்றால் சீனித்தண்ணீரைக் காய்ச்சி அதில் தோய்த்து எடுப்பது அவளுடைய வழக்கம். காய்ந்தால் தகரம் மாதிரி நிற்கும். லேசை நிற்கவைக்கிற சீனி தலையைக் கிடக்கவைக்காதா என்று யோசித்தாள். சனிக்கிழமை சாயந்தரம் ஐறீன் வாரிப் பிடிக்க, யோசெப்பின் பூசினாள். ஞாயிறு விடிய எழும்பிக் கண்ணாடியைப் பார்த்தால், தலை கறுப்புச் சட்டியைக் கவிழ்த்த மாதிரி மினுங்கியது. விரலால் தட்டினால் சத்தம் கேட்டது.

"அக்கா, வடிவாத்தான் இருக்கு" என்றாள் ஐறீன்.

"இருக்கும். வெடிக்காமல் பூசை முடிஞ்சால் காணும்."

வெடிக்கவில்லை. கோயிலுக்குள் ஆட்கள் நெருங்கி, சூடு ஏறி, சீனி இளகத் தொடங்கியது. பிரசங்கத்தின் நடுவில் வாங்கின் முதுகுப் பலகை வழியாக முதல் எறும்பு வந்தது. அது போய் வீட்டாருக்குச் சொல்லியிருக்க வேண்டும். பிரசங்கம் முடியும்போது லேசுக்கு அடியில் ஒரு ஊர்வலமே போனது. யோசெப்பின் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கலியாணம் பேசின பெண் கோயிலில் தலையைச் சொறிந்தால் பேன் என்று சொல்வார்களே என்ற பயம். சுவாமி ஓலையை எடுத்தார். பெரியதம்பியின் பேர், தகப்பன் பேர், யோசெப்பினின் பேர், தகப்பன் பேர். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. "இவர்களுக்குள் விவாகத்தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள்" என்று சுவாமி வாசிக்கவும், பிடரியில் ஒரு எறும்பு உயிர்போகக் கடிக்கவும் சரியாக இருந்தது.

யோசெப்பின் எழும்பி நின்றுவிட்டாள்.

சுவாமி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். ஆண்கள் பக்கத்தில் பெரியதம்பியின் முகம் வெளிறிப்போயிருந்தது. அவருடைய அக்கா செபமாலையை மடியில் நழுவ விட்டா. யோசெப்பினுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை. லேசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுவழியால் நடந்து வெளியே போனாள்.

மத்தியானத்துக்குள் பெரியதம்பியிடமிருந்து ஆள் வந்தது: "சனிக்கிழமை நாலு மணிக்கு வாறன். தடை என்ன எண்டு எனக்கு நேர சொல்லவேணும். அதுக்குப் பிறகுதான் மூண்டாம் ஓலை."

அன்றைக்குப் பைப்படியில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எறும்புகளைக் கண்டதும் தாங்களாகவே விலகி இடம் விட்டார்கள். ஏழு வாளி போனது. சீனி போனபிறகும் சீப்பு உள்ளே இறங்கவில்லை. கலியாணமே போகப்போகிறது, இனித் தலை எப்படிக் கிடந்தால் என்ன என்று யோசெப்பின் சீப்பை எறிந்துவிட்டு, ஈரத்தோடேயே விரலால் நுனியிலிருந்து மெல்லமெல்லப் பிரித்தாள். கொடியில் துவாய் எல்லாம் நனைந்து கிடந்ததால் பழைய உள்பாவாடையில் ஒற்றினாள். படுக்கும்போது தலையணை நனையக்கூடாது என்று, வெட்டி மிஞ்சின சாட்டின் துண்டு ஒன்றால் கட்டிக்கொண்டாள்.

திங்கள் காலை கட்டை அவிழ்த்தபோது, முப்பத்தாறு வருசமாகப் பழகின அந்தப் புதர் இல்லை. ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக, பென்சிலில் சுற்றி எடுத்தது போலத் தொங்கியது. "இது ஆரின்ர தலை?" என்று கண்ணாடியைக் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை வெள்ளவத்தைக்கு அளவு பார்க்கப் போனாள். அங்கே கோட்டில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்தரின் மனைவி அன்னபாக்கியம், யாழ்ப்பாணத்து மனுசி, அளவு நாடாவுக்குள் நின்றபடி அவளுடைய தலையைத்தான் பார்த்தா.

"இவ்வளவு காலமும் உதை என்னத்துக்கு மறைச்சு வைச்சனீர்?"

"பொலிஸ் பிடிக்கும் எண்டு."

"பகிடியை விடும். என்ர மாமிக்கு உதே தலைதான். சீயாக்காயை மாதத்துக்கு ஒருக்கால் போடும், காணும். மற்ற நாளில செவ்வரத்தம்பூச் செடியின்ர இலையைக் கசக்கி, அந்த வழுவழுப்பை எடுத்துத் தேயும். முழுக்கக் கழுவிப்போடாதையும், கொஞ்சம் நிக்கவேணும். காஞ்ச தலையில சீப்பு, ஆணையாய், வைக்கக்கூடாது."

அந்தக் கிழமைக்குள் யோசெப்பின் மூன்று தடவை முழுகி ஒரு ஒழுங்கு கண்டுபிடித்துவிட்டாள். முதலில் தேங்காய்ப்பால், அரை மணித்தியாலம். பிறகு பச்சைத்தண்ணீர். பிறகு செவ்வரத்தை வழுவழுப்பு. விரலால் மட்டும் பிரிப்பது. பிழியக்கூடாது, நுனியைக் கையில் ஏந்தி மேலே பொத்திப் பொத்தி விடுவது. பாவாடைத்துணி. இரவில் சாட்டின். எல்லாவற்றிலும் கடினமானது, காயும் வரை கை வைக்காமல் இருப்பது. அதற்காகவே அந்த நேரத்தில் பொத்தான் துளை தைப்பாள். "சண்டை பிடிச்ச நேரத்துக்கு இன்னொரு மெசின் வாங்கித் தைச்சிருக்கலாம்" என்று ஐறீனிடம் சொன்னாள். "கிழடாகிற நேரத்தில எனக்குத் தலைமயிர் வளர்க்கத் தெரிஞ்சிட்டுது. பாக்கிறதுக்குத்தான் ஆளில்லை."

சனிக்கிழமை நாலு மணிக்குப் பெரியதம்பி வந்தார். வெள்ளைக் கோட்டு, மடியில் தொப்பி. ஐறீன் தேத்தண்ணியோடு மூலையில் நின்றாள். யோசெப்பின் கோயிலுக்குப் போகிறவள் மாதிரி லேஸ் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

"பூசையில எழும்பி நிண்டனீர்" என்றார். "என்ன தடை?"

"எறும்பு."

"எறும்போ?"

"சீனி பூசினனான்."

"எங்கை?"

"தலையில."

"ஏன்?"

யோசெப்பின் லேசை எடுத்தாள். முடி தோளில் விழுந்து, அசைந்து, நின்றது. துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது.

"அக்கா பாத்தது இந்தத் தலையை இல்லையே" என்றார்.

"இதே தலைதான். அண்டைக்கு அரைப் போத்தல் எண்ணெய்க்குக் கீழ கிடந்தது." லேசை மடியில் வைத்து நாலாக மடித்தாள். "ஏமாத்திப்போட்டன் எண்டு நினைச்சால், நாளைக்கு வாசிக்க முதல் சுவாமியிட்டைச் சொல்லுங்கோ. உங்களுக்கு வெக்கமெண்டால் நானே எழும்பிச் சொல்லுறன். எனக்கு இப்ப எழும்பிப் பழக்கம்."

பெரியதம்பி தொப்பியை எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்தார்.

"தடை ஒண்டு இருக்குத்தான்" என்றார்.

யோசெப்பின் தலையைக் குனிந்தாள்.

"அக்காவுக்கு ஆர் சொல்லுறது?"

மூலையில் ஐறீனுக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. இருமிக்கொண்டே குசினிப் பக்கம் போனாள்; நெடுநேரம் திரும்பி வரவில்லை.

"பிடிச்சுப் பாக்கலாமோ?" என்றார் பெரியதம்பி. அவள் தலையை அவர் பக்கம் சாய்க்கவும், காதோரத்துச் சுருள் ஒன்றின் நுனியைப் பிடித்தார். கயிறு பிடித்துக் காய்த்த விரல்கள். இழுக்கவில்லை, மெல்ல நேராக்கி, மற்றக் கையால் கயிற்றை அளக்கிற மாதிரிச் சாண் போட்டார். "ஒண்டு. ரெண்டு. ரெண்டரை." விட்டார். அது துள்ளி மேலே போய் ஒரு சாணுக்குள் சுருண்டது. அவர் திகைத்துப்போய், சரிதானா என்று பார்க்கிறவர் மாதிரி, திரும்பவும் பிடித்து அளந்தார். திரும்பவும் விட்டார். பிறகு அதற்குப் பக்கத்துச் சுருளைப் பிடித்தார்.

அந்தப் பக்கத்துச் சுருளெல்லாம் அளந்து முடிந்ததும், யோசெப்பின் கதிரையை ஓசைப்படாமல் திருப்பிப் போட்டு, மற்றப் பக்கத்தை அவருக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.