வாடை வராத ட்ரம்

எனக்குப் பயம் என்றால் புகைதான். பாம்பெல்லாம் அப்புறம். என் வீட்டுக்காரர் இருபது வருஷம் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போர்வெல் போட்டுக் கல்தூசியை விழுங்கியவர். போன வருஷம் கரும்பு வெட்டியதும், எல்லோரையும் போல நாங்களும் வயலில் கிடந்த காய்ந்த கரும்புத் தோகைக்கு, அதுதான் சோகைக்கு, தீ வைத்தோம். சாயங்காலமே அவர் உதடு நீலமாகிவிட்டது. சேலத்தில் ஒன்பது நாள் ஆக்சிஜன். "இன்னொரு தடவை புகை குடிச்சா என்கிட்ட கூட்டிட்டு வராதீங்கம்மா" என்றார் டாக்டர்.

புதுச்சத்திரம் பக்கம் எங்கள் வீடு கரும்புக் காட்டுக்குள்ளேயே இருக்கிறது. வரப்பைத் தாண்டினால் இவருடைய பெரியப்பா மகன் காடு, அங்கேயும் கரும்பு. எங்கள் சோகையை மட்டும் கொளுத்தாமல் விட்டு என்ன பிரயோசனம்? காற்று வரப்பைப் பார்த்தா வரும்?

சோகையை மக்க வைக்கும் நுண்ணுயிர் என்று அக்ரி ஆபீசில் ஒரு பாட்டில் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு, இவருக்கு அண்ணனான அந்தப் பெரியப்பா மகன் வாசலில் போய் நின்றேன்.

"மாமா, நீங்களும் இதையே ஊத்துங்க. தீ மட்டும் வேண்டாங்க."

"மொதல்ல உன்ற சோகை மக்கட்டும். நான் வெட்டறதுக்குள்ள மக்குச்சுன்னா நானும் ஊத்தறேன். இல்லீன்னா தீக்குச்சிதான். அப்புறம் என்னையக் கொற சொல்லப்படாது, சாமி."

நியாயமான பேச்சுதான்.

என் தம்பியின் கோழிப்பண்ணையில் காலி ட்ரம் ஒன்று வாங்கி வந்தேன். நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பி, வெல்லத்தைக் கரைத்து, பாட்டிலைக் கவிழ்த்துக் காலையும் மாலையும் கலக்கினேன். ஏழு நாளும் ஒரு வாடை இல்லை. கெட்டுப்போகாமல் இருக்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை. சோகை முழுக்கத் தெளித்து, ஈரம் காயாமல் தண்ணீரும் விட்டேன்.

நாள் போனதே தவிரச் சோகை மக்கவில்லை. கையில் எடுத்து இழுத்தால் நாராக அப்படியே இருந்தது. மாமாவின் கரும்பை வெட்ட ஆட்கள் இறங்கிவிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்ரி ஆபீசருக்குப் போன் போட்டேன்.

"நுரை கட்டுச்சாம்மா? புளிச்ச வாடை வந்துச்சா?"

"ஒரு வாடையும் இல்லீங்க, அத்தனை சுத்தம்."

"ஐயோ, வாடை வரணும்மா! அது எந்த ட்ரம்மு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பண்ணை வாசலில் லாரி டயருக்கு அடிக்கும் கிருமி மருந்து இருந்த ட்ரம் அது; எத்தனை கழுவினாலும் மருந்து முழுக்கப் போகாதாம். கிருமியைக் கொல்லும் ட்ரம்மில் கிருமியை வளர்த்த மடச்சி இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்றைக்கே இன்னொரு பாட்டில் வாங்கிவந்து மண்தொட்டியில் புதிதாகக் கலக்கினேன். ஆனால் அதற்கும் ஏழு நாள் வேண்டும்.

இரண்டாம் நாள் காலையில் மாமா காட்டில் வெட்டு முடிந்தது. பெட்ரோல் கேனும் தீப்பெட்டியுமாக வரப்பில் நின்றார். தலைதெறிக்க ஓடினேன்.

"மாமா, தப்பு ட்ரம்முலதானுங்க. இன்னும் ஒரே வாரம் பொறுங்க."

"நாளைக்கு நான் தண்ணி பாச்சற மொறை புள்ள. வுட்டா வெட்டுன கரும்புக் கட்டை காஞ்சு போயிரும். மக்கறதாவது, மண்ணாங்கட்டியாவது! தள்ளு."

காலில் விழுந்தேன். விழுந்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், என் வீட்டுக்காரர் வரப்பேறி வந்துகொண்டிருந்தார். நாலு எட்டு வைப்பார், நிற்பார். வாசல்வரை வருவதற்கே சுவரைப் பிடிக்கிற மனிதர். எங்களைக் கடந்து அண்ணன் காட்டுக்குள் இறங்கி, சோகைக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"பத்த... வைங்கண்ணா" என்றார்.

"டேய், எந்திரிடா! என்னடா இது கூத்து?" மாமா கத்தினார். இவர் சோகையை விட்டு எழுந்திருக்கவில்லை. மாமா தீப்பெட்டியை வீசி எறிந்து, தானே இறங்கி இவரைக் கைத்தாங்கலாகத் தூக்கிவந்தார்.

"ஏழு நாள்தானே? சோகைய ஒதுக்கிட்டுத் தண்ணி பாச்சிக்கறேன். கொண்டாந்து ஊத்து" என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் இவரைக் கட்டிலில் சாய்த்து, அடக்கமாட்டாமல் திட்டினேன். "வீராப்பா உங்களுக்கு? அவரு நெசமாலுமே பத்த வெச்சிருந்தா எந்திரிச்சு ஓடியாந்திருப்பீங்களா?"

மூச்சு அடங்க நேரமாயிற்று அவருக்கு.

"எந்திரிக்க மூச்சு ஏது புள்ள" என்றார்.