மதகருகே கூப்பிட்ட குரல்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் ஒரு ஓட்டப் பந்தயம் நடத்த ஆரம்பித்தார்கள். கோட்டை மைதானத்தில் புறப்பட்டு, கடைத்தெரு வழியாகச் சேவூரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு செங்கல் சூளை வரை போய்த் திரும்ப வேண்டும். முதல் வருஷமே போலீஸ்காரர்கள், கல்லூரிப் பையன்கள், நெசவாளிகள் என்று நூற்றுக்கணக்கில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குத் தனிப் பரிசு என்று நோட்டீஸில் போட்டிருந்ததால் நானும் பெயர் கொடுத்தேன். எனக்கு அப்போது நாற்பத்தேழு. டவுனில் தபால்காரன். வேலைக்குப் போகும் முன் ஆற்று மணலில் ஓடுவது நாலைந்து வருஷப் பழக்கம். உடம்புக்காக ஓடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். நாள் முழுக்க யாராவது எனக்காக வாசலில் காத்துக்கொண்டிருக்கும் தபால் வேலை என்னுடையது. ஓடும் நேரத்தில் மட்டும் யாரும் காத்திருக்கவில்லை.

கடைத்தெருவைத் தாண்டியதும் என் வயதுக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து சேர்ந்தார். காலில் செருப்பு இல்லை. பனியன் முதுகில் நம்பர் துணியை ஊக்கால் குத்தியிருந்தார்.

"ஒண்ணாவே போலாமா சார்? ஒண்டியா ஓடினா பேஜாரா இருக்குது" என்றார்.

சேவூரில் பட்டுப் புடவை நெய்கிறவர். தறிக்குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போகிறது, அதனால்தான் ஓடுகிறேன் என்றார். சேவூரைக் கடக்கும்போது, "தோ, அதான் நம்ம வூடு" என்று கை காட்டினார். வாசலில் நின்ற பெண்மணி சிரித்துக்கொண்டே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அவர் மனைவி.

சூளையில் திரும்பி வரும்போது பேச்சு குறைந்துவிட்டது. சேவூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாய்க்கால் மதகு. அங்கே அவர் நடக்க ஆரம்பித்தார்.

"மாரு அடைக்கிறாப்புல இருக்குது. நீங்க போங்க சார், நான் வந்துகினே இருக்கேன்."

அவரே போகச் சொன்னார். அதனால் போனேன். தூரத்தில் தெள்ளார்ப் பக்கத்து மாஜி ராணுவக்காரர் ஒருவரின் நரைத்த தலை தெரிந்தது. எங்கள் வயதுப் பிரிவில் அவர்தான் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பிடித்துவிடலாம் என்று தோன்றியது. ஐம்பது அறுபது அடி போயிருப்பேன். பின்னாலிருந்து, "சார்" என்று குரல் வந்தது. உரத்த குரல் இல்லை. ஆனால் அந்த நீளத்துக்கு ரோட்டில் வேறு யாரும் இல்லை. கூப்பிட்டது என்னைத்தான் என்று எனக்குத் தெரியும். திரும்பினால் நின்றுவிடுவேன் என்றும் தெரியும். நான் திரும்பவில்லை.

ராணுவக்காரரைக் கோட்டை வாசலில் முந்தினேன். மேடையில் ஏற்றி, மாலை போட்டு, ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். குடத்தை வாங்கிக்கொண்டு இறங்கும்போது ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் போனது. "சேவூர் ஆளு ஒருத்தரு மதகுகிட்ட வுழுந்துட்டாராம்" என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது என்று மத்தியானம் தெரிந்தது.

குடத்தை மனைவி மஞ்சள் குங்குமம் வைத்துக் குடிதண்ணீருக்கு எடுத்துக்கொண்டாள். அந்தத் தண்ணீரை நான் குடிக்கவில்லை. குழாயடிக்குப் போய்க் கையில் ஏந்திக் குடித்தேன். காரணம் கேட்டாள். எவர்சில்வர் வாடை என்று ஏதோ சொன்னேன். சைக்கிளில் போகும்போது முதுகுப் பக்கம் "சார்" என்று கேட்கும். கடைத்தெரு நடுவில் சட்டென்று பிரேக் போட்டு இறங்கித் திரும்பிப் பார்ப்பேன். சில சமயம் உண்மையாகவே யாராவது கடிதம் கேட்டு நிற்பார்கள். பெரும்பாலும் யாரும் இருக்கமாட்டார்கள். ஓடுவதை விட்டுவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து என் தபால் சுற்றைச் சேவூர் பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள். முதல் வாரமே அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. வெம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்த மகள், பழக்கத்தில் அப்பா பெயரையே விலாசத்தில் எழுதியிருந்தாள். வாசலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட வாய் வரவில்லை. மணியை அடித்தேன்.

அவர் மனைவி வெளியே வந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓட்டத்துல கொடம் வாங்கினவரு நீங்கதானே?"

"ஆமாம்மா."

"உங்களோடதான் பேசிகினு ஓடினாரு. நானே பாத்தேனே." கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டார். "கழனியில களை எடுத்துகினு இருந்தவ சொன்னா, கீழ உக்காந்துகினு உங்கள கூப்டாராம். உங்களுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தா நின்னிருப்பீங்க."

"கேக்கலம்மா" என்றேன்.

அவர் தலையாட்டினார். உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்த வாசலில் மோர் குடித்தேன். குடிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பொய்யை மறுபடி சொல்வதுபோல் இருந்தது.

முதல் பந்தயத்துக்கு இரண்டு வருஷம் கழித்து மறுபடி பெயர் கொடுத்தேன். பரிசு ஆசை இல்லை. அந்த இடத்தில் ஒரு தடவை நின்றுவிட்டு வந்தால் குரல் விட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை. திரும்பி வரும்போது மதகை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வெறுங்கால் ஒன்று தார் ரோட்டில் படுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். வெயில் விழுந்த ரோடுதான் இருந்தது.

"சார்."

இந்தத் தடவை குரல் மதகிலிருந்து வந்தது. அவர் மனைவி. பக்கத்தில் ஒரு பானை. ஓடுகிறவர்களுக்கு டம்ளரில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சிம்மா. கூப்டது நல்லாவே கேட்டுச்சி. நான்தான் திரும்பல."

அவர் நீட்டிய கை அப்படியே இருந்தது. பிறகு டம்ளரைப் பானை மேல் கவிழ்த்து வைத்தார்.

"கேக்கலன்னுதான் நான் நெனச்சிகினு இருந்தேன்" என்றார். "அவரும் அப்படித்தான நெனச்சிருப்பாரு. நீங்க போங்க" என்றார்.

மீதித் தூரத்தை நடந்தேன். நான் மைதானம் போய்ச் சேர்ந்தபோது பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் பாரத்தை இறக்கி வைக்கப் போய், அவரிடம் மிச்சமிருந்த ஒரே ஆறுதலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்பது வழியில்தான் புரிந்தது.

அதன் பிறகு அந்த வாசலில் மோர் இல்லை. மணியடித்தால் ஜன்னல் வழியே ஒரு கை மட்டும் வந்து கடிதத்தை வாங்கிக்கொள்ளும். மூன்று வருஷம் அப்படியே போனது. பிறகு ஒருநாள் போஸ்டாபீசுக்கே வந்தார். மகளோடு வெம்பாக்கத்துக்குப் போய்விடுகிறாராம். விலாசம் மாற்ற வேண்டும், எழுதத் தெரியாது. கவுண்ட்டரில் யாரும் இல்லாததால் நான்தான் எழுதினேன். புது விலாசத்தை நிதானமாகச் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

முடித்துவிட்டேன் என்று நினைத்துப் பேனாவை மூடப் போனேன்.

"அவரு பேரையும் எழுதுங்க" என்றார். "அவருக்கு வர்றதும் அங்கயே வரட்டும்."

எழுதினேன். இரண்டு தடவை எழுத்துக்கூட்டிச் சரிபார்த்துவிட்டு, கைநாட்டு வைக்கப் படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.