ஏசி பஸ்ஸில் வியர்த்தவர்கள்

இன்று கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு ஏசி பஸ்ஸில் போனேன். கனகராயன்குளத்தில் ஏசி நின்றுவிட்டது; பஸ்ஸில் போட்டிருந்த பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல்களோ திறக்க முடியாதவை.

எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. மற்றவர்கள் பேசாமல் இருக்கும்போது நான் மட்டும் ஏன் வாய் திறக்க வேண்டும் என்று ஆளுக்காள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் ஏசி பஸ்களின் தரம் பற்றி முகநூலில் காரசாரமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

புளியங்குளத்தில் ஏறிய ஓர் அம்மா இருக்கையில் அமரவே இல்லை. நேரே சாரதியிடம் போனார்.

"தம்பி, உள்ளுக்கை சனம் அவியுது. ஏசி வேலை செய்யேல்லை."

தன் பக்கக் கண்ணாடியைத் திறந்து காற்று வாங்கிக்கொண்டிருந்த சாரதி திடுக்கிட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்லையே அம்மா! நல்லாக் குளிருதெண்டெல்லோ நினைச்சன்."

ஏதோ ஒரு சுவிட்சைத் தட்டினார். குளிர் வந்துவிட்டது.

உடனே எங்களுக்கு வீரமும் வந்துவிட்டது. "பாட்டையும் நிப்பாட்டுங்கோ!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "ஓம், நிப்பாட்டுங்கோ!" என்று முழு பஸ்ஸும் சேர்ந்துகொண்டது.

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "ஏன்? நல்ல பாட்டுத்தானே. எனக்கு விருப்பம்."

பஸ் கப்சிப். பாட்டு ஓடியது.

உண்மையில் அந்தப் பாட்டு எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனாலும் கத்தியவர்களில் நானும் ஒருத்தி. நீங்கள் என்றால் கத்தியிருக்க மாட்டீர்களா?